எந்த ஆறு, எந்த மாதம், படகில் யார் யார்?

(இந்த இதழின் கேள்விகள் எல்லாமே ராஃப்டிங், அதாவது காற்றடைத்த ரப்பர் படகில் துடுப்புப் போட்டு வேகமான ஆற்றில் போவது பற்றியவை. பதில் சொல்பவர் கர்நாடகத்தின் தண்டேலியில் காளி நதியிலும் ரிஷிகேஷில் கங்கையிலும் கைடாக இருந்தவர். இப்போது பவானியில் நீச்சல் சொல்லிக்கொடுக்கிறார்.)

கேள்வி: ஐயா, அக்டோபர் விடுமுறையில் குடும்பத்தோடு ஹரித்வார், ரிஷிகேஷ் போகிறோம். நான், கணவர், 15 வயது மகள், 11 வயது மகன், 63 வயது மாமியார். கணவருக்குக் கிணற்று நீச்சல் தெரியும். மகள் நீச்சல் வகுப்புக்குப் போனவள். எனக்கு நீச்சல் தெரியாது, தண்ணீர் என்றாலே கொஞ்சம் பயம். டூர் ஏஜென்ட், "36 கிலோமீட்டர் டிரிப் எடுத்தால்தான் கொடுத்த காசுக்குப் பிரயோஜனம்" என்கிறார். எதை எடுப்பது? தாலிக்கொடியைக் கழற்றச் சொல்வார்களா?
*பள்ளி ஆசிரியை, கோபிசெட்டிபாளையம்*

பதில்: அம்மா, அந்த 36 கிலோமீட்டரை முதலில் மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். ரிஷிகேஷில் பெரும்பாலான டிரிப்புகள் ஊரை ஒட்டிய கரையில்தான் வந்து முடியும். ஏறும் இடம் மட்டும் மாறும். பிரம்மபுரியில் ஏறினால் சுமார் 9 கிலோமீட்டர், சிவபுரியில் 16, மரைன் டிரைவில் 24, கௌடியாலாவில் 36. தூரம் கூடும்போது ஆறும் முரடாகிக்கொண்டே போகும். கௌடியாலாவில் ஏறுகிறவர்கள் வழியில் 'தி வால்' என்ற இடத்தைக் கடந்தாக வேண்டும். படகையே தூக்கிக் கவிழ்த்துப் போடக்கூடிய அலை அங்கே எழும். நீச்சல் தெரியாத ஒருவரை முதல் தடவையிலேயே அங்கே கூட்டிப் போவதை நான் ஒரு நாளும் ஒத்துக்கொள்ள மாட்டேன். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு விற்கிற ஏஜென்டுக்கு உங்கள் பயம் தெரியாது.

கிரேடு என்று ஒன்று சொல்வார்கள், அதைப் புரிந்துகொள்ளுங்கள். பாறைகளுக்கு நடுவே ஆறு நுரைத்து இறங்கும் இடத்துக்கு ரேப்பிட் என்று பெயர். அதன் கடுமையை உலகம் முழுவதும் 1 முதல் 6 வரை எண் போட்டுச் சொல்கிறார்கள். 1 என்றால் ஓடுகிற தண்ணீர், சின்ன அலை. 2-இல் அலை இருக்கும், ஆனால் போகவேண்டிய வழி பளிச்சென்று தெரியும். 3-இல் அலை ஒழுங்கில்லாமல் அடிக்கும். கைடு சொன்ன நொடியில் எல்லோரும் சேர்ந்து துடுப்புப் போட்டால்தான் படகு நினைத்த பக்கம் திரும்பும். 4-இல் விழுந்தால் நீங்களாகக் கரைக்கு வருவது கடினம், யாராவது வந்துதான் எடுக்க வேண்டியிருக்கும். 5 தேர்ந்தவர்களுக்கு. 6-இல் கிட்டத்தட்ட யாருமே இறங்குவதில்லை.

குடும்பமாக வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: தண்ணீரில் விழுந்தால் உங்களில் யார் அதிகம் பதறுவார்? அவருக்கு எந்த ஆறு சரியோ, அதுதான் அந்தப் படகுக்குச் சரி. ராஃப்டில் உட்கார்ந்து துடுப்புப் போடப் பெரிய திறமை வேண்டாம், கால் மணி நேரத்தில் பழகிவிடலாம். விழுந்த பிறகு முதல் ஒரு நிமிடம் என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. குளிர்ந்த தண்ணீர் திடீரென்று உடம்பில் பட்டால் மூச்சு தானாகவே திணறி இழுக்கும், நீச்சல் தெரிந்தவருக்கும் அப்படித்தான். அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு, மல்லாந்து, கைடைப் பார்க்கத் தெரிந்தால் போதும். கங்கை மலையிலிருந்து இறங்கி வருகிற தண்ணீர். நம் பவானி மாதிரி இதமாக இருக்காது. தண்ணீர் மிகவும் குளிராக இருந்தால் கிரேடை ஒரு படி கூட்டிக் கணக்கிடுவது ஆற்றுக்காரர்கள் வழக்கம்.

அப்புறம் மாதம். மழைக்காலத்தில் அங்கே ராஃப்டிங்கை மூடிவிட்டு, செப்டம்பர் கடைசி வாக்கில் மறுபடி திறப்பார்கள். ஆக, அக்டோபரில் ஆறு இன்னும் நிறைந்தே ஓடலாம். டிசம்பர், ஜனவரியில் அதே இடம் இறங்கி, தெளிந்து, சில்லென்று இருக்கும். மே, ஜூனில் பனி உருகி மறுபடி ஏறும். ஒரே ரேப்பிட் ஒரு மாதம் விளையாட்டாகவும் இன்னொரு மாதம் வேறு ஆறாகவும் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். மேலே பாகீரதியில் டெஹ்ரி அணை வேறு இருக்கிறது, அங்கே திறப்பதைப் பொறுத்தும் மட்டம் மாறும். அதனால் இங்கிருந்தே முழுப் பணத்தையும் கட்டிவிடாதீர்கள். அங்கே போய், அன்று காலையில் கைடிடமே கேளுங்கள்: இன்று தண்ணீர் எப்படி, நேற்றைவிட ஏறியிருக்கிறதா, நீச்சல் தெரியாத ஒருவர் இருந்தால் எங்கே ஏற்றுவீர்கள்?

பையனை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அங்கே 14 வயது நிரம்ப வேண்டும் என்பது விதி. "பையன் உயரமாத்தானே இருக்கான்" என்று யாராவது ஏற்றிக்கொள்ள வந்தாலும் சம்மதிக்காதீர்கள். பெரியவர்களுக்குத் தைத்த லைஃப் ஜாக்கெட் அவன் உடம்பில் நிற்காது. தண்ணீரில் விழுந்தால் ஜாக்கெட் மேலே ஏறும், பையன் கீழே நழுவுவான். ஏமாற்றமாக இருக்கும், பாவம். ஊருக்கு வந்ததும் கொடிவேரியில் பரிசலில் கூட்டிப் போங்கள், அங்கேயும் ஜாக்கெட் போட்டுத்தான்.

மாமியாரை வயதை மட்டும் வைத்து வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். தோட்டத்து வேலை செய்து பழகியவர் என்றால் உங்களைவிடத் திடமாக இருப்பார். ஆனால் முட்டி வலி இருந்தால் ராஃப்டின் விளிம்பில் உட்கார்ந்து காலை உள்ளே இறுக்கி வைத்திருப்பது கஷ்டம். விழுந்தவரைத் தோளைப் பிடித்து உள்ளே இழுத்துப் போடுவார்கள், அதையும் தாங்க வேண்டும். பேரனோடு கரையில் இருக்க அவரே விரும்பினால் அது நல்ல ஏற்பாடு.

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். போவதற்கு முந்தைய மாதம் பக்கத்தில் உள்ள நீச்சல்குளத்துக்குச் சில நாள் போங்கள். நீச்சல் கற்க வேண்டாம். லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, பயிற்சியாளர் பக்கத்தில் இருக்க, மல்லாந்து மிதக்கப் பழகுங்கள். முகத்தில் தண்ணீர் அடிக்கும்போது மூச்சை அடக்கி, ஓய்ந்ததும் இழுக்கப் பழகுங்கள். என்னிடம் வருகிற பெண்களில் பலருக்கு இந்த அளவிலேயே பயம் பாதியாகக் குறைந்துவிடுகிறது. இன்னொன்று, அங்கே கைடு இந்தியும் ஆங்கிலமும் கலந்துதான் கத்துவார். 'ஃபார்வர்டு' என்றால் முன்னோக்கித் துடுப்பு, 'பேக்' என்றால் பின்னோக்கி, 'ஸ்டாப்' என்றால் நிறுத்து, 'கெட் டவுன்' என்றால் துடுப்பைப் பிடித்தபடி படகுக்குள் இறங்கி உட்கார். வீட்டுக் கூடத்தில் குழந்தைகளோடு சொல்லிப் பாருங்கள். அலைச் சத்தத்தில் அர்த்தம் யோசிக்க நேரம் இருக்காது.

தாலிக்கொடியைக் கழற்ற வேண்டியதில்லை. உடைக்கு உள்ளே, லைஃப் ஜாக்கெட்டுக்கு அடியில் இருக்கட்டும். வெளியே தொங்கினால் கயிற்றில் மாட்டும். துப்பட்டா வேண்டாம், சேலை கூடவே கூடாது. ஜாக்கெட்டின் பட்டைகளை எல்லாம் இறுக்கிய பிறகு, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். காது வரை ஏறினால் அது உங்கள் அளவு இல்லை, வேறு கேளுங்கள். வெட்கப்படாதீர்கள், பின்னால் வரிசையில் நிற்பவர்கள் காத்திருக்கட்டும்.

சரி, முடிவாகச் சொல்கிறேன். நீங்கள், கணவர், மகள் மூன்று பேரும் பிரம்மபுரியில் ஏறுங்கள். தண்ணீர் இறங்கியிருந்து, குளத்துப் பழக்கமும் கைகூடியிருந்தால் சிவபுரி. அங்கே 'ரோலர் கோஸ்டர்', 'கோல்ஃப் கோர்ஸ்' என்று பெரிய அலைகள் உண்டு, நன்றாகவே நனைவீர்கள். வழியில் பாறையிலிருந்து குதிக்கச் சொல்லி உற்சாகப்படுத்துவார்கள். நீங்கள் குதிக்க வேண்டாம்.

கேள்வி: அண்ணா, நாங்கள் ஏழு பேர், ஒரே கல்லூரி. எல்லோரும் கிணற்றில் குதித்து நீச்சல் பழகியவர்கள், கொடிவேரியிலேயே வளர்ந்தவர்கள் என்று சொல்லலாம். ஆகஸ்டில் குடகுக்குப் போய் பரப்பொளெ ஆற்றில் நேராக கிரேடு 4 போகலாம் என்று இருக்கிறோம். ஒருவன் மட்டும் பயப்படுகிறான். அவனை எப்படிச் சம்மதிக்க வைப்பது?
*கல்லூரி மாணவர், பெருந்துறை*

பதில்: தம்பி, அவனைச் சம்மதிக்க வைக்க வேண்டாம். தனக்கு எது முடியாது என்று தெரிந்து வாய்விட்டுச் சொல்கிறவன் ஒரு படகில் இருப்பது நல்லது. கேலி செய்து ஏற்றினால், அலை வருகிற நேரத்தில் துடுப்பை விட்டுவிட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொள்வான். ஒரு பக்கத்தில் துடுப்புப் போட ஆள் குறைந்தால் படகு குறுக்கே திரும்பும், மீதி ஆறு பேரும் சேர்ந்து தண்ணீருக்குள் போவீர்கள்.

கிணற்று நீச்சலை நான் குறைத்துச் சொல்லவில்லை. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஆழத்தைக் கண்டு பயம் கிடையாது, மூச்சு நிற்கும், அது பெரிய சொத்து. ஆனால் கிணற்றில் தண்ணீர் நிற்கிறது, எந்தப் பக்கம் கையைப் போட்டாலும் சுவர் உண்டு. ஆற்றில் தண்ணீர் உங்களைத் தூக்கிக்கொண்டு போகிறது. கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் திறந்த சமயம் கரையோரம் காலை வைத்துப் பார்த்தவர்களுக்கு அந்த இழுப்பு தெரியும். வேகம் இரண்டு மடங்கானால் தண்ணீர் தள்ளுகிற விசை நான்கு மடங்காகும். அதை எதிர்த்து நீந்தி ஜெயிக்கிற தோள் யாருக்கும் இல்லை.

அதனால் முதலில் பழக வேண்டியது மல்லாந்து போவது. கால் இரண்டும் ஆறு போகிற பக்கம், கால்விரல் தண்ணீருக்கு மேலே தெரிய வேண்டும், இடுப்பு மேலே. பாறை வந்தால் காலால் உதைத்துத் தள்ளிக்கொள்ளலாம். இழுப்பு இருக்கிற தண்ணீரில் முட்டி ஆழத்துக்கு மேல் இருந்தால் எழுந்து நிற்கவே கூடாது. இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன், ஏனென்றால் நீச்சல் தெரிந்தவர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள். தரை தட்டியதும் நின்றுவிடலாம் என்று தோன்றும். கால் இரண்டு கல்லுக்கு நடுவே சிக்கினால், பின்னாலிருந்து வரும் தண்ணீர் ஆளைக் குப்புற அமுக்கிவிடும். இடுப்பளவு தண்ணீரே போதும்.

விழுந்த மரம் குறுக்கே கிடந்தால் மட்டும் கதை மாறும். தண்ணீர் கிளைகளுக்குள் புகுந்து போய்விடும், ஆள் சிக்கிக்கொள்வான். முடிந்தவரை விலகி நீந்த வேண்டும். முடியவில்லை என்றால் தலை முன்னால் இருக்க, வேகமாக அதை நோக்கி நீந்தி, கைகளால் ஊன்றி மரத்தின் மேலே ஏறிவிட வேண்டும். படகு கவிழ்ந்து அதன் அடியில் மாட்டிக்கொண்டால் பதறாமல் கையால் படகைத் தடவிக்கொண்டே ஒரே திசையில் போனால் வெளியே வந்துவிடலாம். நடுவில் திசையை மாற்றக் கூடாது.

கொடிவேரி என்று எழுதியதால் இதையும் சொல்லியாக வேண்டும். அணைக்கட்டுக்கு அடியில், மேலிருந்து விழுந்த தண்ணீர் கீழே போய் உருண்டு மறுபடி அணையை நோக்கியே திரும்பும். அதற்குள் அகப்பட்ட ஆளை அது வெளியே விடாமல் உருட்டும். பார்வைக்குச் சின்ன விழுதலாகத்தான் இருக்கும். கைடுகள் பெரிய ரேப்பிட்டைவிட இந்த மாதிரி நேர்கோட்டு அணைக்கட்டுகளுக்குத்தான் அதிகம் பயப்படுவார்கள். நிறையத் தண்ணீர் போகும் நாட்களில் அங்கே குதிப்பதை விட்டுவிடுங்கள். எத்தனை வருடமாகக் குதித்திருந்தாலும் சரி.

இனி பரப்பொளெ. அது மழையை நம்பிய ஆறு, ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் ராஃப்டிங். ஒரு ரேப்பிட்டுக்கு 'மார்னிங் காபி' என்று அழகாகப் பெயர் வைத்திருப்பார்கள். ஆனால் ஆறு குறுகல், பாறை நெருக்கம், ஒரு ரேப்பிட் முடிந்து மூச்சு விடுவதற்குள் அடுத்தது வந்துவிடும். கங்கையில் விழுந்தால் அகலமும் ஆழமும் இருக்கிறது, கொஞ்ச தூரம் மிதந்து போகலாம். இங்கே விழுந்தால் கல்லில் அடிபடுவீர்கள். மழை வலுத்தால் மட்டம் மணிக்கு மணி மாறும்.

என் ஆசை, நீங்கள் மழைக்காலம் முடிந்ததும் முதலில் தண்டேலிக்குப் போக வேண்டும். கணேஷ்குடியில் சூபா அணைக்குக் கீழே காளி நதி, கிரேடு 2, 3 அளவில் இருக்கும். அங்கே ஒரு நல்ல நாள் கழித்தபின் உங்களில் யார் யார் பரப்பொளெக்குத் தயார் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். ஆகஸ்டேதான் என்றால், போனதும் "எங்களை முதலில் பாதுகாப்பான இடத்தில் தண்ணீரில் இறக்கி மிதக்கவிட்டுப் பாருங்கள்" என்று கைடிடம் கேளுங்கள். பார்த்துவிட்டு அவர் வேண்டாம் என்று சொல்லும் ஆட்கள் கரையில் நிற்க வேண்டும். அது நீங்களாக இருந்தாலும்.

கேள்வி: கண்ணாடி இல்லாமல் எனக்கு எதுவும் தெரியாது. ராஃப்டிங்கில் போட்டுக்கொள்ளலாமா?
*உடுமலைப்பேட்டை*

பதில்: போட்டுக்கொள்ளுங்கள், தலைக்குப் பின்னால் இறுக்கும் பட்டையோடு. பழைய கண்ணாடியாக இருந்தால் நல்லது. கான்டாக்ட் லென்ஸ் வேண்டாம், ஒரு அலை போதும்.

கேள்வி: எங்கள் பனியன் கம்பெனியிலிருந்து 30 பேரைத் தண்டேலிக்கு அழைத்துப் போகிறேன். 21 முதல் 50 வயது வரை இருக்கிறார்கள். ராஃப்டிங் நடத்துபவரிடம் என்னென்ன கேட்க வேண்டும்?
*திருப்பூர்*

பதில்: ஒரு ராஃப்டில் எத்தனை பேரை ஏற்றுவீர்கள் என்பது முதல் கேள்வி. கூட்டம் வந்தால் இரண்டு பேரைக் கூடுதலாகத் திணிக்கும் பழக்கம் சீசனில் உண்டு. 30 பேர் என்றால் எத்தனை படகு, எத்தனை கைடு என்று முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே மீட்புக்கு ஒரு காயாக் (ஒருவர் ஓட்டும் சின்னப் படகு) வருமா, ஒவ்வொரு படகிலும் விழுந்தவருக்கு வீசும் கயிற்றுப் பை, முதலுதவிப் பெட்டி உண்டா, எங்கள் கைடு இதே ஆற்றில் எத்தனை சீசன் ஓட்டியவர், இவற்றையும் கேளுங்கள். எந்த மட்டத்துக்கு மேல் தண்ணீர் வந்தால் நிறுத்துவீர்கள், நிறுத்தினால் பணம் திரும்புமா என்று கேட்டுவிட்டு பதிலைக் கவனியுங்கள். "நாங்க நிறுத்துனதே இல்ல சார்" என்று பெருமையாகச் சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றும் இருக்கிறது. முதலாளி கூப்பிட்டால் வேலை செய்பவர்கள் "சரிங்க" என்றுதான் சொல்வார்கள். உள்ளே பயம் இருந்தாலும், வலிப்பு இருந்தாலும், தோள் ஒரு தடவை மூட்டிலிருந்து விலகியிருந்தாலும், கர்ப்பமாக இருந்தாலும் உங்கள் முன்னால் சொல்ல மாட்டார்கள். அதனால் படகில் ஏறுவதா வேண்டாமா என்பதை ஒவ்வொருவரும் தனித்தனியாக, கைடிடம் மட்டும் சொல்லும்படி ஏற்பாடு செய்யுங்கள். வேண்டாம் என்பவர்களுக்குக் கரையில் நல்ல சாப்பாடும் மரியாதையும் இருக்கட்டும். முந்தின இரவு குடித்தவரை ஏற்ற வேண்டாம், அது உங்கள் பங்குதாரராக இருந்தாலும்.

கேள்வி: பில்லூரிலிருந்து தண்ணீர் திறந்தால் எங்கள் ஊரில் பவானி ஆறு நுரைத்துக்கொண்டு போகிறது. இங்கேயே ராஃப்டிங் நடத்தலாமே? நண்பர்கள் ஒரு ரப்பர் படகு வாங்கி இறங்கலாமா என்கிறார்கள்.
*மேட்டுப்பாளையம்*

பதில்: இறங்காதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

அணைத் தண்ணீரை வைத்து ராஃப்டிங் நடக்கிற ஆறுகள் உண்டு. மகாராஷ்டிரத்தில் கோலாட் பக்கம் குண்டலிகா ஆறு அப்படித்தான். பீரா மின்நிலையத்திலிருந்து காலையில் தண்ணீர் விடுவார்கள், அந்தத் தண்ணீரோடு படகுகள் கிளம்பும். எப்போது வரும், எவ்வளவு வரும் என்று நடத்துபவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு பாறையும் பழக்கம். எங்கே படகை ஒதுக்குவது, எங்கே கயிற்றோடு ஆள் நிற்பது என்பதெல்லாம் முன்பே முடிவானது.

பில்லூர் கதை வேறு. 100 அடி அணை, அது நிறைய வந்தால் வெள்ள எச்சரிக்கை கொடுத்து உபரி நீரைத் திறக்கிறார்கள். மின் உற்பத்திக்காக விடும்போதும் ஆறு திடீரென்று ஏறும். குளித்துக்கொண்டிருந்தவர்கள் நடு ஆற்றுப் பாறையில் மாட்டிக்கொண்டு தீயணைப்புத் துறையினர் வந்து மீட்பதை உங்கள் ஊர்க்காரர்கள் பார்த்தவர்கள்தானே. ஆறு நுரைக்கிறது என்று நீங்கள் எழுதுகிற அந்த நேரம்தான் கரையை விட்டு விலக வேண்டிய நேரம். ஒகேனக்கல்லில் நீர்வரத்து கூடினால், தலைமுறை தலைமுறையாகப் பரிசல் ஓட்டுகிறவர்களையே மாவட்ட நிர்வாகம் நிறுத்தி வைக்கிறது. கடையில் வாங்கின ரப்பர் படகு குளத்துக்குச் செய்தது, கல் உரசினால் கிழியும். ஆசை இருந்தால் நண்பர்களோடு தண்டேலிக்குப் போங்கள். திம்பம் வழியாகப் போவதென்றால் இரவுப் போக்குவரத்துத் தடை உண்டு, நேரம் பார்த்துக் கிளம்புங்கள்.

கேள்வி: எனக்கு 58 வயது. போன வருடம் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது தினமும் நடக்கிறேன், நன்றாக இருக்கிறேன். ஒரு தடவையாவது ராஃப்டிங் போக ஆசை.
*நாமக்கல்*

பதில்: ஐயா, உங்கள் இதய மருத்துவரிடம் கேட்காமல் எந்த ஆற்றுக்கும் போகாதீர்கள். கேட்கும்போது, "படகில் போகலாமா" என்று மட்டும் கேட்டால் பரிசல் சவாரி என்று நினைத்துத் தலையாட்டிவிடக்கூடும். குளிர்ந்த தண்ணீரில் திடீரென்று விழ நேரலாம், மூச்சு திணறும், கல்லில் அடிபடலாம் என்று விவரமாகச் சொல்லிக் கேளுங்கள். ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுப்பார்கள். அதைச் சாப்பிடும்போது சின்ன அடியிலும் ரத்தம் எளிதில் நிற்காது. தலையில் பட்டால் இன்னும் மோசம். இதையும் அவர் வாயாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அவர் சரி என்றால், குடகில் துபாரே பக்கம் காவிரியில் தண்ணீர் அமைதியாக ஓடும் காலத்தில் போங்கள், மழை மாதங்களில் வேண்டாம். கிரேடு 1, மிஞ்சினால் 2. படகின் நடுப்பகுதியில் இடம் கேட்டு வாங்குங்கள், மாத்திரை விவரத்தை ஏறுவதற்கு முன்பே கைடிடம் சொல்லிவிடுங்கள். போய் வந்தபின் எனக்கு எழுதுங்கள், ஐயா.